குறிப்பு: ஏதுமில்லை

துளை எண் பதினொன்று, உலு கிளாங்.
நாற்பத்தேழாம் பெட்டி.
ஆழம்: எண்பத்திரண்டு முதல் எண்பத்தைந்து மீட்டர்.
பாறை: கருங்கல். நிறம்: சாம்பல். பலம்: மிக அதிகம்.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
என் இரண்டு விரல் அகலத்தில்.

பெட்டியை இறக்கிவிட்டு சிம்மாதிரி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
சிறுநீரகத்தில் கல்லாம், மூன்று மில்லிமீட்டர்.
"ஒங்க கல்லு வேலதான் எனக்குள்ளயும் நடக்குது."
சிரித்தால் வலித்தது அவருக்கு.

கல்லை நனைத்தேன்.
சாம்பலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு
ஒரு வெள்ளைக் கோடு. கட்டைவிரல் தடிமன்.

அந்தக் கட்டத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

கருங்கல் ஒரே மூச்சில் உறையவில்லை.
குழம்பு ஆற ஆற
ஒவ்வொரு படிகமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு
கதவைச் சாத்தியது.
வெள்ளீயத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் வெறும் ஈயத்தை,
யாரும் உள்ளே விடவில்லை.
நீரையும். போரானையும்.
பந்தியில் கடைசி இலையும் கிடைக்காதவர்கள்
கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

நீர் என்கிறேன். நாம் குடிக்கும் நீர் இல்லை.
நானூறு பாகைச் சூடு;
மேலே கிடந்த மலை அதைக் கொதிக்க விடவில்லை.
அந்த இறுக்கத்தில்
உப்பு ஈயத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள்
(நாள் என்பது பொய், அங்கே ஏது வெயில்)
கூரை விரிந்தது, மயிரிழை அளவு.
போதும்.
அழுத்தம் சரிந்தது, நீர் பொங்கியது,
உப்பு கையை விட்டது.
சுமந்து வந்ததைச் சுவரோரம் போட்டுவிட்டு
நீர் மட்டும் மேலே போனது.

முதலில் ஈயக்கல், கோப்பித்தூள் நிறத்தில்.
அதன்மேல் குவார்ட்ஸ்,
இரண்டு சுவரிலிருந்தும் நடுவை நோக்கிப் பல் பல்லாக.
மூடியது. விரிந்தது. மறுபடி மூடியது.
பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன்: பதினேழு தடவை.
பதினெட்டாவதற்கு நீர் வரவில்லை.
நடுவில் ஒரு குழி, அரிசி நுழையும் அளவு.
எதிரெதிர்ப் பற்கள் இன்னும் தொடாமல் நிற்கின்றன.

"வெல போகுமா?"
"ஒரு ரொட்டி சானாய்க்குக்கூட வராது."

இதன் உறவுகள்தான்
மழையில் நைந்த மலையிலிருந்து நழுவி
ஆற்றில் உருண்டு சேற்றில் உட்கார்ந்தவை.
அவற்றைத் தேடித் தோண்டிய பள்ளங்களில்
இப்போது வாத்துப் படகு மிதிக்கிறார்கள்.
ஈயமே கிடைக்காத அண்ணன் ஒருவன்
மெலாவத்தி வீடுகளுக்குப் பின்னால்
மைல்கணக்கில் வெள்ளை முதுகு காட்டி நிற்கிறான்.
சுற்றியிருந்த கருங்கல் தேய்ந்தது, இவன் தேயவில்லை.
ஞாயிறுதோறும் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்,
ஒரு பழைய விரிசலின் மேல் நின்று.

பொறியாளர் ஊய் வந்தார், தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
"சுரங்கத்துக்குள்ள தண்ணி விடுமா, விடாதா?"
"விடாது. தண்ணியே போட்ட பூட்டு இது."
"அப்ப எதுக்கு எழுதணும்?"

எழுதவில்லை.

மாலை, செத்தாபாக் வெந்நீர்க் குளத்தில்
சிம்மாதிரி முழங்கால் வரை இறங்கி உட்கார்ந்திருந்தார்.
இடுப்புக்கு நல்லதென்று யாரோ சொன்னார்களாம்.
நான் கட்டைவிரலை மட்டும் நனைத்தேன்.
இது வேறு நீர்: இங்கே பெய்த மழைதான்,
ஆழம் போய்ச் சுட்டுக்கொண்டு திரும்பியது.
லேசான கந்தக வாடை தவிர
வேறெதையும் தூக்கி வரவில்லை.

மறுநாள் காலை துளையை அடைத்தோம்.
சிமெண்டுக் குழம்பு, முக்கால் மணி நேரம்.
எண்பத்தைந்து மீட்டர் நீளத்துக்கு
நாங்களும் ஒரு நாளம் செய்து முடித்தோம்,
நேரானது, சாம்பல் நிறம்.
உள்ளே இருப்பது:
ஜலீல் தவறவிட்ட
இடது கை உறை ஒன்று.